தனி ஜெபம்: நாற்காலி அடுக்கும்போது கேட்கப்பட்ட கேள்விகள்

சபையில் ஒரு சிறிய வேதபாடக் குழுவைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். பாடம் நடக்கும்போது யாரும் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் ஒருவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்பார். பெரும்பாலும் அது தனி ஜெபத்தைப் பற்றித்தான் இருக்கும். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன பேசணும்னே தெரியலக்கா. எங்க ஆரம்பிக்கிறது?

அதைச் சொல்லியே ஆரம்பிக்கலாம். இயேசுவோடு கூடவே நடந்த சீஷர்களே "எங்களுக்கு ஜெபம்பண்ணப் போதிக்கவேண்டும்" என்று கேட்டார்கள் (லூக்கா 11:1). சிறு வயதிலிருந்தே சங்கீதங்களைக் கேட்டு வளர்ந்த யூதர்களுக்கே அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. அவர் கொடுத்த பதில்தான் பரமண்டல ஜெபம். ஆதிச் சபையின் மிகப் பழைய ஒழுங்கு நூல்களில் ஒன்றான திதாகே, அதை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. ஆகவே, மனப்பாட ஜெபம் சிறுபிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

மூச்சுவிடாமல் சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் நின்று சொல்லிப் பாருங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடத்தில் இன்றைக்கு உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று வரும்போது யாரோ ஒருவரின் முகம் நினைவுக்கு வந்து வாய் தயங்கும். அங்கே நில்லுங்கள். "ஆண்டவரே, இவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அன்றைய ஜெபத்தில் அதைவிட உண்மையான வார்த்தை வேறு இருக்காது.

ஒரு மணி நேரமாவது ஜெபிக்கணும்னு சொல்றாங்களே, நிஜமாவா?

தாம் பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் "ஒரு மணி நேரம் விழித்திருக்கக்கூடாதா" என்று இயேசு கேட்டதை வைத்துச் சொல்கிறார்கள். அது அந்த ஒரு இரவில், தூங்கிப்போன நண்பர்களிடம் கேட்டது. எல்லாருக்கும் எல்லா நாளுக்கும் அளந்து வைத்த அளவாக அதை நான் படிப்பதில்லை. வசனிப்பு, அதாவது பேச்சு, அதிகமானால் கேட்கப்படும் என்று நினைப்பவர்களைப் போல இருக்காதீர்கள் என்றும் அவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 6:7). அதே சமயம், இரவு முழுதும் ஜெபித்தவரும் அவர்தான் (லூக்கா 6:12).

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பத்து நிமிடம். அதுவும் மிக மோசமான நாளிலும் கொடுக்க முடிகிற பத்து நிமிடமாக இருக்கட்டும். உபவாசக் கூட்டத்தின் கடைசி நாளில் மனம் பொங்கி, "இனி தினமும் நாலு மணிக்கு எழுந்து ஒன்றரை மணி நேரம்" என்று பொருத்தனை பண்ணிக்கொண்டு வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வாரம் அவர்கள் என் கண்ணைப் பார்ப்பதில்லை.

காலையிலதான் ஜெபிக்கணுமா? எனக்கு நைட் ஷிஃப்ட்.

தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். சங்கீதக்காரர் "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" என்கிறார். இயேசு இருட்டோடே எழுந்து போனதும் உண்டு, ராமுழுதும் விழித்திருந்ததும் உண்டு. நேரம் உங்களுடையது. தினமும் தவறாமல் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள்: பல் துலக்கியதும், குளித்ததும், வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் கிடைக்காது.

கண்ண மூடின அடுத்த நிமிஷமே மனசு எங்கெங்கயோ போயிடுது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லாருக்கும்தான். பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் ஜெப வீரர் என்று பெயரெடுத்தவர். காலையில் எழுந்ததும் நேராக ஜெபத்தில் இறங்கிய காலத்தில், முதல் பத்து நிமிடமோ, கால் மணி நேரமோ, சில நாள் அரை மணி நேரமோ மனம் அலைந்தே போனது என்று அவரே 1841-இல் எழுதி வைத்திருக்கிறார். பிறகு வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தைத் திறந்து கொஞ்சம் வாசிப்பார், வாசித்ததை அசைபோடுவார், அதிலிருந்து ஜெபம் தானாகக் கிளம்பும். நான் எத்தனையோ முறைகளை முயன்று பார்த்து, கடைசியில் வந்து நின்றதும் இதில்தான். வெறும் மனதோடு உட்கார்ந்தால் அது தனக்குத் தெரிந்த கவலைகளைத்தான் மேயப் போகும். முதலில் அதன் வாயில் ஏதாவது கொடுக்க வேண்டும்.

மார்ட்டின் லூதரிடம் அவருக்கு முடிவெட்டும் பீட்டர் என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டாராம். லூதர் 1535-இல் அவருக்காகவே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு வாயடித்தபடி சவரம் செய்கிற நாவிதர், வந்தவரின் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவார். கண்ணும் மனமும் கத்தியிலேயே இருக்க வேண்டும், ஜெபமும் அப்படித்தான் என்று அவர் தொழிலை வைத்தே விளக்குகிறார். எனக்கு இதில் பிடித்தது வேறு. பெரிய சீர்திருத்தவாதிக்குச் சவரம் செய்கிறவருக்கும் நம்முடைய இதே சந்தேகம்தான் இருந்திருக்கிறது.

கைப்பழக்கமாக ஒன்று சொல்கிறேன். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். "கேஸ் புக் பண்ணணும்" என்று தோன்றினால் குறித்துவிட்டுத் திரும்புங்கள். ஆனால் ஒரே நினைவு மூன்றாவது முறையும் வந்தால் அதைத் துரத்தாதீர்கள், அதைப் பற்றியே ஜெபியுங்கள். அண்ணனோடு போட்ட சண்டை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், நீங்கள் ஜெபிக்க வேண்டியது அதுதான். வரிசையாக எழுதி வைத்த ஜெபக் குறிப்புகள் ஒரு நாள் காத்திருக்கட்டும்.

முழங்கால்ல நின்னாலே தூங்கிடறேன்.

எழுந்து நடந்துகொண்டே ஜெபியுங்கள். வாய்விட்டுப் பேசுங்கள். சத்தம் வர முடியாத வீடானால் உதட்டை மட்டும் அசையுங்கள், சாமுவேலின் தாய் அன்னாள் அப்படித்தான் ஜெபித்தார் (ஆசாரியன் ஏலி அவரைக் குடித்திருப்பதாக நினைத்தது தனிக் கதை). கைக்குழந்தை வைத்திருப்பவரும் நோயாளியைப் பார்த்துக்கொள்பவரும் தூங்கிவிட்டால் அதைப் பாவப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். தூங்குங்கள்.

ஒரு வாரமா ஜெபிக்கவே இல்ல. திரும்பப் போக வெக்கமா இருக்கு.

என்னிடம் ஒரு பழைய நோட்டு உண்டு. தேதி போட்டு, ஜெபித்த நாளுக்கு ஒரு டிக். முதல் இரண்டு மாதம் வரிசையாக டிக். அதற்கப்புறம் ஒரு பக்கத்தில் ஒன்பது டிக் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மாதிரி இருக்கும். காரணம், ஒன்பது நாளும் ஜெபிக்காமல் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து போட்டது. அந்த நோட்டை என்னைத் தவிர யாரும் பார்ப்பதில்லை! யாரை ஏமாற்றினேன் என்று இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதம் நோட்டையும் தொடவில்லை, ஜெபத்தையும் தொடவில்லை.

விட்டுப்போனதால் ஜெபம் நின்றதில்லை, விட்டதை மறைக்கப் பார்த்ததால்தான் நின்றது. இதுதான் என் அனுபவம், நான் கேட்ட பலரின் அனுபவமும் இதுதான். ஆகவே விட்ட நாட்களைப் பாக்கியாகச் சேர்த்து இரட்டிப்பாகக் கட்ட முயலாதீர்கள். "ஆண்டவரே, எட்டு நாளாக வரவில்லை. முதல் இரண்டு நாள் வேலை, மற்ற ஆறு நாள் மனமில்லை" என்று உள்ளபடி சொல்லிவிட்டு அன்றைய பத்து நிமிடத்துக்குள் போங்கள். அவருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் புத்தகம் சொல்கிறது. எருசலேம் அழிந்துகிடந்தபோது பாடியது அது, சுகமாக இருந்தபோது பாடியதல்ல.

தினமும் ஒரே வார்த்தைதான் வருது. புத்தகத்துல இருக்கிற ஜெபத்தைப் படிக்கலாமா?

தாராளமாக. கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் முறையும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் (மத்தேயு 26:44). வீண்வார்த்தை என்று அவர் கண்டித்தது திரும்பச் சொல்வதை அல்ல, எண்ணிக்கையால் தேவனை அசைத்துவிடலாம் என்ற எண்ணத்தை. என்னைக் கேட்டால் சங்கீதங்களையே எடுங்கள், 150 இருக்கின்றன. ஒன்றைச் சத்தமாக வாசித்து, உங்களுக்குப் பொருந்துகிற வரியில் நின்று உங்கள் வார்த்தையைச் சேருங்கள். பொருந்தாத வரியை அது பொருந்துகிற யாருக்காவது ஏறெடுங்கள்.

மனசே இல்லாம கடமைக்கு ஜெபிச்சா அது மாய்மாலம் இல்லையா? அதுக்கு ஜெபிக்காமலே இருக்கலாமே?

இந்தக் கேள்வியை நேர்மையானவர்கள்தான் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். மாயக்காரர் என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், மேடையில் வேஷம் கட்டும் நடிகரைக் குறிப்பது. மத்தேயு 6:5-இல் இயேசு அவர்களிடம் கண்ட குற்றம் என்ன? "மனுஷர் காணும்படியாக" ஜெபிக்கிறார்கள் என்பது. உள்ளே உணர்ச்சி வற்றியிருக்கிறது என்று அவர் குறை சொல்லவில்லை. கதவைப் பூட்டிய அறையில், யாரும் பார்க்காத இடத்தில், மனமில்லாமல் முழங்காலிட்டிருக்கிற நீங்கள் யாருக்காக நடிக்கப் போகிறீர்கள்?

ஒரே ஓர் ஆபத்து உண்டு. இல்லாத உணர்ச்சியை இருப்பதாகச் சொல்வது. வறண்ட நாளில் "ஆண்டவரே, உம்மை என் முழு இருதயத்தோடும் நேசிக்கிறேன்" என்று பழக்கத்தில் உருட்டிவிடுகிறோம். அதற்குப் பதில் "உம்மை நேசிக்க விரும்புகிறேன், இன்று அதுவும் குறைவாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். முதல் முறை சொல்லும்போது கூசும். கூட்டத்தில் ஜெபிக்கிற குரலையும் தனியாக ஜெபிக்கிற குரலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. எனக்குக் கூட்டத்தில் "கிருபையுள்ள பரலோக பிதாவே" என்று ஒரு தனிக் குரல் வரும். வீட்டில் அந்தக் குரல் வந்தால் உடனே நிறுத்திவிடுவேன்.

எனக்குக் கடவுள் மேல கோபம். அதை அவர்கிட்டயே சொல்லலாமா?

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" (சங்கீதம் 13). "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" (சங்கீதம் 44). இவை தடை செய்யப்பட்ட வார்த்தைகள் அல்ல, ஆராதனையில் பாடக் கொடுக்கப்பட்டவை. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுதான். நம் கூட்டங்களில் பாடுவதோ துதிப் பாடல்கள் மட்டுமே என்பதால், புலம்புவது அவிசுவாசம் என்று நமக்குப் பழகிவிட்டது.

பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபு ஏறக்குறைய இருபது அதிகாரங்களில் வாதாடுகிறார். அவருடைய நண்பர்கள் தேவனுக்காக வக்காலத்து வாங்கிப் பக்தியாகப் பேசுகிறார்கள். கடைசியில் தேவன் அந்த நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார் (யோபு 42:7). தேவனைப் பற்றிப் பின்னால் முணுமுணுப்பதும், தேவனிடமே முறையிடுவதும் ஒன்றல்ல. கோபத்தை அவரிடம் கொண்டுபோகிறவர் இன்னும் அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்"னு சொல்லிட்டு மறந்துடறேன்.

நானும் செய்திருக்கிறேன். ஒருவருக்கு ஆபரேஷன். வாட்ஸ்அப்பில் கைகூப்பிய படத்தோடு "ஜெபிக்கிறோம்" என்று அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஜெபம்தான்" என்றார். நான் ஒரு தடவைகூட ஜெபித்திருக்கவில்லை. சும்மா சிரித்தேன். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் உறுத்தியது.

இப்போது, கேட்ட இடத்திலேயே ஒரு வரி ஜெபித்துவிடுகிறேன். போனில் என்றால் பதில் தட்டச்சு செய்வதற்கு முன்னால். முடியாது என்று தெரிந்தால் "நினைத்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்கிறேன். நூறு பேரின் பெயரைத் தினம் வாசிக்கும் பட்டியலைவிட, திங்கள் இவர்கள், செவ்வாய் இவர்கள் என்று பிரித்து வைப்பது நிற்கும்.

வேலை செஞ்சுகிட்டே மனசுக்குள்ள பேசிக்கிறேன். அது போதாதா? "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்"னுதானே வசனம் இருக்கு?

அது அருமையான பழக்கம். பாரிஸில் கர்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்றில் 17-ஆம் நூற்றாண்டில் இருந்த சகோதரர் லாரன்ஸ், தனக்குப் பிடிக்காத சமையலறை வேலையை இப்படித்தான் ஜெபமாக்கிக்கொண்டார். பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரரான நெகேமியாவும் ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவில் ஒரு கணம் ஜெபித்தார் (நெகேமியா 2:4).

ஆனால் அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அந்த ஒரு கணத்துக்கு முன்னால் ஏறக்குறைய நான்கு மாதம் அழுகையும் உபவாசமும் ஜெபமுமாகக் கழிந்திருக்கிறது. ஓடிக்கொண்டே பேசுகிற பேச்சு, உட்கார்ந்து பேசியவர்களுக்குள்தான் நிலைக்கிறது. மேலே சொன்ன பத்து நிமிடத்தை விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டவர்களிடம் இதுவும் மெல்லக் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். என்னிடமும்தான்.

அதே பாவத்துக்கு நூறாவது தடவையா மன்னிப்பு கேக்க வாய் வரல. இருதயத்துல அக்கிரமம் இருந்தா கேக்கமாட்டார்னு வசனமும் இருக்கே?

சங்கீதம் 66:18 பேசுவது அக்கிரமத்தை உள்ளே வசதியாகக் குடிவைத்திருப்பவரைப் பற்றி. விழுந்து, வெறுத்து, எழுந்து வருகிறவர் வேறு. தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஆயக்காரன்தான் (வரி வசூலிப்பவன்) நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பினான்.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, பெயர் சொல்லுங்கள். "என் குறைகளை மன்னியும்" என்பது யாருக்கும் வலிக்காத ஜெபம். "நேற்று ராத்திரி அவளிடம் பொய் சொன்னேன்" என்பது வலிக்கும். இரண்டு, ஜெபத்தால் மட்டும் தீர்க்கக் கூடாததை ஜெபத்துக்குள் ஒளிக்காதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போகச் சொன்னார் இயேசு. மனைவியைக் கனப்படுத்தாத கணவனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:7). வீட்டில் கை ஓங்கிவிட்டு ஜெபக் கூட்டத்தில் முழங்குகிறவர்கள் அந்த வசனத்தை எப்படித் தாண்டிப் போகிறார்களோ தெரியவில்லை. குடி, ஆபாசம், சூது என்று பழக்கம் அடிமைத்தனமாகிவிட்டால், நம்பகமான ஒருவரிடமும் அந்தத் துறை தெரிந்தவரிடமும் வாய்திறந்து சொல்லுங்கள்.

மத்தவங்க "கர்த்தர் என்கிட்ட பேசினார்"ங்கறாங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கல.

எனக்கும் காதில் விழும்படி எதுவும் கேட்டதில்லை. இதில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை, நான் தீர்ப்புச் சொல்லப் போவதுமில்லை. கேட்காததைக் கேட்டதாகச் சாட்சி சொல்லாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். ஆரம்பத்தில் சொன்ன பொய் டிக்கைவிட அது ஆபத்து, கேட்கிறவர்கள் அதை நம்பி முடிவெடுப்பார்கள். யாராவது உங்கள் கல்யாணத்தைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று வந்தால், "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" என்ற வசனமும் (1 தெசலோனிக்கேயர் 5:21) கர்த்தருடையதுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறேன். விசுவாசமா ஜெபிச்சுட்டு நிறுத்திடலாமா?

டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும், பிறகு மறுபடியும் தூக்கம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லி விழுங்குங்கள், அதுவும் ஜெபம்தான்.

அம்மாவுக்காக எட்டு மாசம் ஜெபிச்சேன். போயிட்டாங்க. இப்ப கண்ண மூடினா ஒண்ணுமே வரல. நான் என்ன செய்யட்டும்?

ஏன் என்று என்னிடம் கேட்டால் பதில் இல்லை. பவுல் தன்னை வாட்டிய ஒரு வேதனைக்காக, அவர் "முள்" என்று சொன்னதற்காக, மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் அவருக்கே நேராக வந்தது. அந்த வசனத்தைத் துக்க வீட்டில் அடுத்தவர் எடுத்து நீட்டும்போது அது கல்லாகிவிடுகிறது. விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வார்த்தை வராதபோது "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவரே வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. சங்கீதம் 88-ஐ ஒரு நாள் வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல்களில் பலவற்றைப் போலக் கடைசியில் துதிக்குத் திரும்பாமல், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற இடத்திலேயே அது நின்றுவிடும். அப்படி நின்றுபோனதையும் ஜெபம் என்று வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் குழுவில் ஒருவர். அவரைத் திரும்ப ஜெபிக்க வைக்க நான் எதுவும் செய்யவில்லை. காலையில் அம்மா உட்காரும் நாற்காலியில் போய் உட்காருவாராம், வேதத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு. பத்து நிமிடம் ஆனதும் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். சில மாதம் கழித்து ஒரு நாள், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "இன்னைக்கு 'ஆண்டவரே'ன்னு வந்துச்சுக்கா. அதுக்கு மேல வரல."